கலமும் கயிறும் - சாலைவாழ் தமிழர்க்குச் சில கேள்விகள்

ஆண்டுதோறும் நம் தமிழமைப்புகள் வெளியிடும் மலர்களின் அட்டையில் ஒரு கப்பல் மிதக்கக் காண்கின்றோம். மூன்று கூம்புகள், ஒவ்வொரு கூம்பிலும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சதுரப் பாய்கள், முன்புறத்தே நீண்டு செல்லும் சாய்மரம், அதில் முக்கோணப் பாய்கள் இரண்டு, மாலுமிகள் ஏறிச் செல்லக் கயிற்றேணி, விலாப்புறத்தே வரிசையாகச் சிறு சதுரக் கதவுகள். கூம்பின் உச்சியிலே புலிக்கொடி. கீழே, 'கடாரம் கொண்ட சோழனின் கலம்' என்றொரு வரி. கண்டவர் உள்ளம் பூரிக்கின்றது. குழந்தைகள் பார்த்து வரைகின்றனர். பள்ளிப் போட்டியிற் பரிசும் பெறுகின்றனர்.

அன்பர்களே, அந்தச் சதுரக் கதவுகள் பீரங்கிக் குழாய் நீட்டுவதற்கு அமைந்தவை. இராசேந்திரன் கடாரத்தின்மேற் படை செலுத்தியது 1025ஆம் ஆண்டளவில். பீரங்கி தாங்கிய ஐரோப்பியக் கப்பல்கள் இந்தியக் கரையைக் கண்டது அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு கழித்து. நாம் போற்றி வணங்கும் 'சோழக் கலம்' உண்மையில் நம்மை அடிமை கொள்ள வந்த ஐரோப்பியனின் கப்பல். அதன் தலையிற் புலிக்கொடியைச் சொருகிவிட்டால் தமிழ்க் கலமாகி விடுமோ?

கொடியையும் சற்று நோக்குங்கள். பாய்கள் யாவும் முன்னோக்கிப் புடைத்து நிற்கின்றன. காற்றுப் பின்னின்று வீசுகிறது என்பது அதன் பொருள். கொடியோ பின்னோக்கிப் பறக்கிறது. காற்று முன்னின்று வீசுகிறது என்பது இதன் பொருள். ஒரே கூம்பில் இரண்டு காற்று! பூந்துறையிலோ விழிஞத்திலோ பிறந்த பத்து வயதுச் சிறுவன் இப்படத்தைக் கண்டால் நகைப்பான். நம் மலர்க் குழுக்களிலோ முதுகலைப் பட்டம் பெற்றோர் பலர் இருந்தும் நகைத்தார் எவரும் இலர்.

யாம் மைய அரசு அலுவலகமொன்றிற் கோப்புகளோடு காலங் கழிக்கும் எழுத்தர், பி.ஏ. பட்டத்துக்கு மேல் எமக்குப் புலமைச் சான்று இல்லை. எனினும் கோப்புப் பார்த்துப் பழகியவர்க்கு ஒரு குணம் உண்டு. தாளில் ஒரு கூற்று இருந்தால் அதற்கு ஆதாரத் தாள் எங்கே என்று கேட்கத் தோன்றும். அக்குணத்தோடுதான் இக்கேள்விகளைக் கேட்கின்றோம்.

பண்டைத் தமிழர்க்குக் கலம் இல்லையா, கூம்பு இல்லையா, பாய் இல்லையா? இருந்தன, நிரம்ப இருந்தன. கூம்பு, இதை, கயிறு, நாவாய், வங்கம், அம்பி, தோணி, மீகான், நீகான் எனச் சங்க நூல்கள் வழங்கும் சொற்களை அடுக்கினாலே ஒரு பக்கம் நிரம்பும். புறநானூற்றின் முப்பதாம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளியைப் பாடுகையில், புகார்த் துறைக்குள் பெருங்கலம் ஒன்று கூம்பையும் மேற்பாயையும் களையாமலும், ஏற்றிய பாரத்தைக் குறைக்காமலும் நுழைகின்றதைக் காட்டுகிறார். இதனைப் புகாரின் ஆழத்துக்குச் சான்றாகப் பலரும் எடுத்தாண்டுள்ளனர். யாம் கருதுவது வேறொன்று. களையாது நுழைந்தது புலவர்க்கு வியப்பாயின், களைந்து நுழைவதே வழக்கம் என்பது பெறப்படும். அக்காலக் கலத்தின் கூம்பும் பாயும் வேண்டும்போது ஏற்றவும் இறக்கவும் கூடியனவாய் இருந்தன. அட்டைப் படத்துக் கப்பலின் மூன்று கூம்புகளையும் துறைதோறும் கழற்ற முடியுமா?

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் கட்டுத்தறியை முறிக்கும் யானைக்குப் புயலிற் சிக்கிய நாவாயை உவமை கூறுகின்றார். கட்டிய கயிறு அறுகிறது, பாய் அலைகிறது, கூம்பு அடியோடு முறிகிறது. வரிசையை நோக்குக. முதலிற் கயிறு, பிறகு பாய், பிறகு கூம்பு. கயிறு போனபின் கூம்பு நில்லாது என்பது கடலோடியின் அறிவு. கூம்பை நிறுத்துவது மரத்தின் வலிமையன்று. நாற்புறமும் இழுத்துக் கட்டிய கயிற்றின் வலிமை. மதுரைப் புலவர் அதனை அறிந்திருந்தார். கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வாழும் நாம் அறிந்தோமில்லை.

படச் சான்றும் நமக்கு அறவே இல்லாமலில்லை. சோழமண்டலக் கரையிற் கிடைத்த சாதவாகனர் நாணயங்களில் இரண்டு கூம்புடைய கலம் பொறிக்கப்பட்டுள்ளது. கூம்பைத் தாங்கும் கயிறுகளும் அதிலே தெரிகின்றன. இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்திற் பானையோட்டில் கப்பலுருவம் கீறியுள்ளனர். அசந்தாக் குகை ஓவியத்திலே உயர்ந்து ஒடுங்கிய பாய்களோடு மும்மரக் கலம் ஒன்று உண்டு. சாவகத்தின் போரோபுதூர்ச் சிற்பங்களில் சாய்த்துக் கட்டிய நாற்கோணப் பாய்களும், இருகால் மும்மடிக் கால்களாய் நிற்கும் கூம்புகளும் உள்ளன. நெல்லைச் சீமையின் திருப்புடைமருதூர்க் கோபுரத்துக்குள் குதிரை ஏற்றி வரும் கப்பலை நாயக்கர் கால ஓவியர் தீட்டியுள்ளார். இவற்றுள் எதனையும் நம் அட்டைகளிற் கண்டதில்லை. சோழர் தம் போர்க்கலத்தின் பாய்கட்டை இன்னதென்று காட்டும் படமோ, கடலடியிற் கிடைத்த உடைகலமோ இதுவரை எம் கண்ணுக்கு எட்டவில்லை. கிடைத்ததை வரையலாம், கிடைக்காததைப் பிறன் கப்பலைக் கொண்டு நிரப்புவது எவ்வகை நேர்மை?

இனி நம் வீட்டு வாயிலுக்கே வருவோம். சாலையில் வாழும் நமக்குச் சோழர் கலத்தின்மேல் தனி உரிமை உண்டென்று மேடைதோறும் முழங்கக் கேட்கின்றோம். இராசராசன் தன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே காந்தளூர்ச் சாலையிற் கலமறுத்தான் என்று அவன் கல்வெட்டுகள் கூறுகின்றன; அக்காந்தளூர்ச் சாலை நம் வலியசாலையே; ஆகவே சேரன் கப்பற்படையை நம்மவர் அழித்த களத்தின்மேல் நாம் கடை வைத்திருக்கின்றோம் என்பது முழக்கத்தின் சுருக்கம். கைதட்டல் பலமாக எழும். யாமும் ஒரு காலத்திற் கைதட்டியோர் வரிசையில் அமர்ந்திருந்தோம்.

ஆனால் 'கலமறுத்தல்' என்னும் சொல்லின் பொருள் பற்றி நூறாண்டுக்கு மேலாக அறிஞர் வழக்காடி வருகின்றனர் என்பதை அம்மேடையில் ஒருவரும் சொல்வதில்லை. கலம் என்பது கப்பல் என்றனர் ஒரு சாரார். கலம் என்பது உண்கலம். சாலை என்பது ஊட்டுப்புரை. அங்கு நடந்த உணவறத்தை வரையறுத்தான் அல்லது நிறுத்தினான் என்றனர் வேறொரு சாரார். வழக்குத் தீர்த்தான் என்று கொண்டாரும் உளர். திருவனந்தபுரத்து மகளிர் கல்லூரியில் தமிழ் பயிற்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதற்கெனவே 'காந்தளூர்ச் சாலை' என்று ஒரு நூல் எழுதினார். 1970இல் எம்.ஜி.எஸ். நாராயணன், அது மறையோடு படைக்கலமும் பயின்ற அந்தணர் கல்விச்சாலை என்று காட்டினார். அதற்குப் பின்புலமாக ஆய் மன்னன் கருநந்தடக்கனின் செப்பேடு இருக்கின்றது. முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் 866ஆம் ஆண்டளவில் அவன் நிறுவிய சாலையிலே 95 சட்டர்க்கு இடம் வகுத்து, காந்தளூர் முறைமையே அதற்கும் முறைமை என்று விதித்தான். ஆகவே சாலை என்பது கப்பல் கட்டும் தளம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கில்லை.

மறுதரப்பையும் மறைத்தல் முறையன்று. இராசாதிராசனின் மெய்க்கீர்த்தி காந்தளூர்ச் சாலைக்குக் கடலை அடையாக்குகிறது. கலிங்கத்துப்பரணியிற் சயங்கொண்டார் விழிஞத்தை அழித்ததையும் சாலையைக் கொண்டதையும் ஒரு மூச்சிற் சொல்கிறார். கடற்படைக்கும் சாலைக்கும் தொடர்பே இல்லை என்று அடித்துச் சொல்ல இவை இடந்தரா. காந்தளூர் இவ்விடந்தானா, வேறிடமா என்ற ஐயமும் சிலர்க்கு உண்டு. வழக்கு முடியவில்லை, அவ்வளவே. முடியாத வழக்கின் தீர்ப்பை மேடையிற் படித்துக் கைதட்டுவது எம் அலுவலகத்தில் நடந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும்.

கப்பல் என்றே பொருள் கொள்வோர்க்கு யாம் ஒன்று நினைவூட்ட விழைகின்றோம். கல்வெட்டுக் கலத்தை எரித்தான் என்னவில்லை, உடைத்தான் என்னவில்லை, அறுத்தான் என்கிறது. அறுப்பது கயிற்றை. துறையிற் கட்டிய வடத்தை அறுத்தால் கலம் தானே ஒழுகிப் பாறையில் மோதும்; கூம்பைத் தாங்கும் கயிற்றை அறுத்தால் ஒரு காற்றுக்குக் கூம்பு சாயும். இது எம் ஊகமே. கல்வெட்டறிஞர் ஏற்கவேண்டும் என்று வற்புறுத்தோம். ஆயினும் கப்பல் அழிந்தது என்று நூறு முறை முழங்கியவர்களில் ஒருவரேனும் அது எப்படி அழிந்திருக்கும் என்று கேட்டாரா? கேட்டிருந்தால் கயிற்றைப் பற்றி அறிய வேண்டியிருந்திருக்கும். முழக்கத்துக்குக் கயிறு வேண்டியதில்லையே.

இம்முழக்கத்தில் இன்னொரு குறையும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நாம் இந்நகரில் வாழ்கின்றோம். நம் மக்கள் இங்குப் படிக்கின்றனர். நம் கடைகளில் பொருள் வாங்குவோர் இவ்வூர் மக்கள். பக்கத்து வீட்டுக்காரரின் முன்னோர் கலங்களை நம் முன்னோர் அழித்தனர் என்பதைச் சங்க விழாவின் பெருமையாகக் கொண்டாடுவது எத்தகைய அண்டைமை? இராசராசன் ஓர் அரசன். அரசர் செய்வதைச் செய்தான். இச்சாலைக் கடைத்தெருவை அமைத்த பெருமை திவான் இராசா கேசவதாசுக்கு உரியது. விளவங்கோட்டுப் பகுதியின் குன்னத்தூரிற் பிறந்து, மரைக்காயர் வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதும் சிறுவனாக வாழ்வைத் தொடங்கியவர் என்பர். மரக்கலத்தாலேயே மரைக்காயர் என்னும் பெயர் வந்தது என்பாரும் உளர். ஆலப்புழைத் துறைமுகத்தைத் திறந்ததும் அவரே. பொதி வரவும் சரக்குப் போகவும் வழி செய்தவரை மறந்து, கலமறுத்தவனை மட்டும் நினைக்கின்றோம். கணக்கெழுதும் குலத்தவராகிய எமக்கு அவர்மேற் சற்று ஓரவஞ்சனை இருப்பின் பொறுத்தருள்க.

சோழர் காலக் கடலோட்டத்தின் உண்மைப் பெருமை வேண்டுமா? 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று சுமத்திராத் தீவின் பாரூசுக்கருகே லோபுதுவாவிற் கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழு நாட்டியது. வரும் கலத்தின் மரக்கல நாயன் இன்ன அளவு பொன் செலுத்திய பின்னரே கரையேற வேண்டும் என்பது அதன் கருத்து. அரசன் பெருமிதமில்லை, அழிவில்லை, வணிகன் சட்டம். கடை வைத்துப் பிழைக்கும் சாலைத் தமிழர்க்கு இதனினும் நெருங்கிய முன்னோர் வேறு யாவர்?

சொற்களுக்கு வருவோம். கப்பலின் உறுப்புகளுக்குத் தூய தமிழ்ப் பெயர் படைத்துப் பட்டியல் வெளியிடும் புலவர் நம்மிடையே உளர். அவர் பட்டியலிற் கடலோடியின் வாய்ச்சொல் ஒன்றேனும் இராது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் கப்பல் வழக்கென்று குறியிட்ட சொற்கள் பலவற்றைக் காணலாம். பாயை விரிக்கும் குறுக்கு மரம் பருமல். நங்கூரத்தையும் கலத்தையும் பிணிக்கும் பெருங்கயிறு ஆலாத்து. பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறு தாமான். கலத்தின் அடிமரம் ஏரா. விலாவெலும்பு போன்ற வளைமரம் வங்கு. பலகைச் சந்தில் பஞ்சும் கயிற்று நாரும் அடைப்பது கலப்பற்று. மேற்பாய்க்குக் காவி என்று பெயர்.

இவற்றுட் பல தமிழல்ல என்று உதட்டைப் பிதுக்குவர். உண்மைதான். தாமான் பாரசீகத்தில் ஆடையின் விளிம்பு, காவி போர்த்துக்கீசியம், சுக்கான் அரபு, தூயவர் தயங்காமல் எழுதும் மாலுமியும் ஆசிரியனைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தவனே. ஆயின் என்ன? ஒரே கலத்தில் தமிழனும் அரபியும் மலாயனும் பறங்கியும் ஒரே கயிற்றை இழுத்தார்கள் என்பதற்கு இச்சொற்களே சாட்சி. புயல் வரும்போது பாயை இறக்கு என்று கூவுகிறவன் சொல்லின் குலம் பார்ப்பானோ? 1811இல் தாமசு ரோபக் என்னும் ஆங்கிலப் படையலுவலர் கல்கத்தாவில் லசுகர் மாலுமிகளின் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே அச்சிட்டார். 1950இல் சென்னை அரசுக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வழி 'கப்பல் சாத்திரம்' என்னும் பழஞ்சுவடி வெளிவந்தது. மரத்தின் தகுதியும் அளவும் நாளும் கோளும் பேசும் நூல். எத்தனை தமிழமைப்புகளின் நூலகத்தில் அது உள்ளது? இருக்கும் இடங்களில் எத்தனை பேர் அதனைக் கேட்டு வாங்கினர்?

ஐரோப்பியப் பாய்கட்டைத் தமிழர் ஆளவில்லை என்றும் யாம் சொல்லவில்லை. ஆண்டனர், அதற்குப் பெயரோடு ஆண்டோடு சான்று இருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' 89 அடி நீளமுடைய இருமரப் பாய்க்கப்பல். வில்லியம் இராபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைத் தமிழர் ஐவர், தண்டையல் ஒருவர் தலைமையில், இந்துமாக்கடலும் செங்கடலும் மத்தியதரைக் கடலும் அத்திலாந்திக்கும் கடந்து, 1938 ஆகத்து மாதம் மாசச்சூசெட்சு மாநிலத்துக் குளொசுட்டர்த் துறையில் அதனைச் சேர்த்தனர். அக்கலத்தில் குறுக்குப் பருமல்களும் உண்டு; முன்மரமும் உண்டு. சதுரப் பாய்க் கப்பலை அட்டையிற் போட்டே தீரவேண்டும் என்பார் அன்னபூரணியைப் போடலாமே! அதற்குப் புலிக்கொடியும் வேண்டா. ஐந்து உழைப்பாளிகளின் கலம் என்பதனாற் போலும், ஒரு மலரிலும் காணோம்.

தூத்துக்குடித் தோணிகளும் அவ்வாறே. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்விரித்துச் சென்ற அவற்றில் எந்திரம் புகுந்தபின் பாய் துணைக்கருவியாயிற்று. பின்னர் அதுவும் இல்லையாயிற்று. நம் கடற்கரையில் 1980களிற் புறப்பொருத்து எந்திரம் பரவிற்று. அதற்குமுன் கட்டுமரத்தில் முக்கோணப் பாய் ஏறாத நாளில்லை. சேம்சு ஃஆர்னெல் 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் நம் கட்டுமரங்கள் விரிவாக இடம்பெற்றுள்ளன. இன்று நார்க்கண்ணாடிப் படகு வந்துவிட்டது, உழைப்புக் குறைந்தது, அதனை யாரும் குறை கூறவியலாது. ஆனால் காற்றை நோக்கிச் செல்வதற்குப் பாயை எப்படித் திருப்புவது, பருமலை எப்பொழுது மரத்தின் மறுபுறம் கடத்துவது, எந்தக் கயிற்றை முதலில் நெகிழ்ப்பது என்னும் அறிவு எழுபது எண்பது அகவை கடந்தவரிடமே எஞ்சியுள்ளது. அவர் போனபின் எந்தச் சுவடி நூலகத்திலும் அது கிடைக்காது.

நம் சாலைக் கடைத்தெருவிற் கயிறு விற்கும் கடைகளின் முன்னே எத்தனை நாள் நடந்திருப்போம்! கயிறு என்னும் சொல்லே மலையாளக் 'கயர்' வழியாக ஆங்கிலத்திற் 'காயர்' ஆயிற்று. கட்டுமரம் 'கட்டமரான்' ஆனதை மேடையிற் சொல்லிப் பெருமிதம் கொள்வோர் இதனைச் சொல்வதில்லை, காரணம் அறியோம். தென்னை மட்டையை உப்பங்கழியில் பல மாதம் ஊறப்போட்டு, அடித்து நாராக்கி, திரித்து முறுக்கியது அது. உவர்நீரில் எளிதில் அழுகாது, நீரில் மிதக்கும், இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். அலை இழுக்கையில் சட்டென அறாமல் நீண்டு கொடுப்பதனால் நங்கூர வடத்துக்கு ஏற்றது. மாலத்தீவுக் கயிற்றாலே இந்திய, ஏமன் கப்பல்களின் பலகைகளைத் தைத்தனர் என்றும், ஆணியடித்த கலம் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது நெகிழ்ந்து தப்பும் என்றும் இபின் பதூதா எழுதி வைத்தார். ஆலப்புழை மாவட்டத்துக் கடக்கரப்பள்ளியில் 2002-03இல் அகழ்ந்தெடுத்த இடைக்காலப் படகு பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளமுடையது; இரண்டு கூம்பு நிறுத்தியமைக்கு அடையாளம் உடையது. ஒரு நாட்பயணத்தில் சென்று மீளக்கூடிய ஊர். நம் சங்கங்களின் சுற்றுலாக்களோ அருவிக்கும் அணைக்கும் செல்கின்றன.

யாம் மிக வருந்துவது இதற்கே. விழிஞம், பூவாறு, பூந்துறை, கொல்லங்கோடு, தூத்தூர் எனக் கடலோரமாய் வாழும் மக்களின் பேச்சில் தமிழும் மலையாளமும் பிரிக்கவொண்ணாது கலந்துள்ளன. 1956 நவம்பர் முதல் நாள் கரையிற் கோடு விழுந்தது, கடலில் விழவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கோட்டின் இருபுறத்து வீடுகளும் ஒன்றுபோல் ஆளிழந்தன. இம்மக்களை நம் சங்க மேடையில் ஏற்றியதுண்டா? பேசுவதற்கு வேண்டா, முன்வரிசையில் அமர்வதற்கேனும் அழைத்ததுண்டா? ஓர் அமைப்பின் கூட்டத்தில் யாம் இதனை எடுத்துரைத்தபோது, 'அவர்கள் தமிழ் இலக்கியத் தமிழன்று' என்று விடை வந்தது. இலக்கியத் தமிழ் பேசும் நமக்குப் பருமலுக்கும் ஆலாத்துக்கும் வேறுபாடு தெரியாது. அவர்களுக்குத் தெரியும். சங்கப் புலவர்க்கும் தெரிந்திருந்தது.

2025 மே 2ஆம் நாள் விழிஞம் பன்னாட்டுத் துறைமுகம் நாட்டுக்கு உரித்தாக்கப்பட்டது. சாலையிலிருந்து ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர். உலகின் மிகப் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்கள் அங்கு அணைகின்றன. அவற்றிற்குக் கூம்பில்லை, பாயில்லை. ஆயினும் துறையில் கட்டக் கயிறு வேண்டும். இனி வரும் மலர்களில் இத்துறைமுகத்தையும் சயங்கொண்டாரையும் இணைத்துக் கட்டுரைகள் குவியும் என்று அஞ்சுகின்றோம்; அட்டையில் பெட்டகக் கப்பலின்மேற் புலிக்கொடி ஏறினாலும் வியப்பதற்கில்லை.

எனவே மலர்க் குழுவினர்க்கு எம் வேண்டுகோள் இவை. அடுத்த மலரின் அட்டைக்குச் சாதவாகன நாணயத்தையோ திருப்புடைமருதூர் ஓவியத்தையோ அன்னபூரணியையோ இடுக. ஒன்றும் கிட்டாவிடில் வெற்றட்டையே போதும். வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் எட்டை விடுவித்து, பாய்விரித்துக் கடலோடிய முதியோர் ஐவரிடமேனும் சென்று, அவர்கள் வாயிலிருந்து வரும் கயிற்றின் பெயர், பாயின் பெயர், காற்றின் பெயர் அனைத்தையும் திருத்தாது எழுதி அச்சிடுக. ஒலிப்பதிவுக் கருவி இன்று எல்லார் சட்டைப் பையிலும் உள்ளது. ஞாயிற்றுக்கிழமைகளில் எமக்கு விடுமுறை. எழுதும் பணியை யாம் ஏற்கின்றோம்; உடன்வர விழையும் இளைஞர் இம்மலர் கைக்கு வந்த கிழமைக்குள் சங்க அலுவலகத்திற் பெயர் கொடுப்பாராக. விழிஞத்துக்குக் கிழக்குக் கோட்டையிலிருந்து பேருந்து உண்டு.